போமலினில் கிடக்கும் திருக்கைக்கு டிஎன்ஏ பார்கோட் எடுக்கலாமா?

குருநகர் வாத்தி:
பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணம் குருநகர் சந்தையில் வாங்கிய பதினாலு குட்டித் திருக்கைகள் என் அலுமாரியில், உடலை அழுகாமல் வைக்கும் போமலின் போத்தல்களில் கிடக்கின்றன. விற்கிறவர்களுக்கு எல்லாமே புள்ளித் திருக்கைதான். எனக்கென்னவோ இரண்டு இனமாவது கலந்திருக்கிறது என்று படுகிறது. ஒரு சிறு மரபணுத் துண்டை வாசித்து இனத்தைக் கண்டுபிடிக்கும் டிஎன்ஏ பார்கோட் எடுத்துப் பார்க்க ஆசை. கனடாவில் இருக்கும் பழைய மாணவி, "அனுப்பி விடுங்கோ சேர், 2003இல் பார்கோட் தொடங்கினதே இங்கத்தைய குவெல்ஃப் பல்கலைக்கழகத்திலதானே" என்கிறாள். அனுப்பலாமா? முன்பொருமுறை வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவருக்கு நண்டு கொடுத்தேன். போத்தலும் போனது, பதிலும் இல்லை.

ஈரக்கை:
சேர், போமலின் டிஎன்ஏயைத் துண்டு துண்டாக்கிவிடும். பார்கோடுக்கு இழைமணியின் (மைட்டோகொண்ட்ரியாவின்) சிஓஐ என்ற மரபணுவில் ஏறக்குறைய 650 டிஎன்ஏ எழுத்துகள் தொடராக வேண்டும். பழைய போத்தலில் அது குதிரைக்கொம்பு. எறிந்துவிடாதீர்கள், உருவம் பார்க்க உதவும். இனி வாங்கினால், போமலினுக்கு முன்னமே அரிசிமணி அளவு தசையை வெட்டி 95% எதனோலில் போடுங்கள். ஒன்றின் டிஎன்ஏ மற்றதில் ஒட்டாமல் மீனுக்கு மீன் பிளேட்டை மாற்றுங்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது. புள்ளித் திருக்கைகளில் ஒன்றான ஹிமன்துரா லெப்பார்டாவைத் தனி இனமாகப் பிரித்ததே 2008இல்தான். குட்டியின் புள்ளி வளரும்போது மாறும், படத்தை மட்டும் வைத்துச் சண்டை பிடிக்க முடியாது.

தீவான்:
பார்சலில் போட்டுவிடாதீர்கள். மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்ப வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பற்றி முதலில் கேளுங்கள். கொம்புத் திருக்கை என்றால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் குறுக்கே வரும். மரபணு வளத்தின் பலனை அது கிடைத்த நாட்டோடு பகிர வேண்டும் என்ற நகோயா உடன்படிக்கை 2014இல் நடைமுறைக்கு வந்ததே உங்கள் நண்டுக் கதை மாதிரியானவற்றால்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போய் யாழ் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கதையுங்கள். பார்கோடுகளைச் சேர்த்து வைக்கும் போல்ட் தரவுத்தளத்தில் பார்கோடோடு மீனின் உடல் எங்கே இருக்கிறது, எங்கே பிடித்தது என்றும் பதியலாம். இழையம் போகட்டும், உடல் இங்கே இருக்கட்டும். இல்லாவிட்டால் எங்கள் திருக்கையைப் பார்க்க நாங்கள் விசா எடுக்க வேண்டி வரும்.

குருநகர் வாத்தி:
சரி. ஒரு சிக்கல். முள்ளுக்குப் பயந்து வாலை நறுக்கித்தான் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். வால் இல்லாமல் பதியலாமா?

ஈரக்கை:
டிஎன்ஏக்கு வால் தேவையில்லை. ஆனால் இந்த வகைத் திருக்கையை அடையாளம் காண வால் முக்கியம். வள்ளத்திலேயே சொல்லி வையுங்கள்.

குருநகர் வாத்தி:
என்னிடம் படித்த பெடியன் ஒருவன் கடலுக்குப் போகிறான். நாளை விடிய கரையில் நிற்கிறேன். வாலோடு ஒன்று கொண்டுவந்தால் மீன் விலைக்கு மேல் நூறு ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இருநூறு கேட்கிறான்.