எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், மேல்வயிற்று வலி மட்டும் போகவில்லை

கேள்வி:
ஏழு மாதமாக வலது பக்கம், விலா முடிகிற இடத்துக்கு நாலு விரல் கீழே, சுரீரென்று ஒரு வலி. முதல் தடவை நெஞ்சுவலியோ என்று பயந்து ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இசிஜி எடுத்தார்கள், ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. அப்புறம் எண்டாஸ்கோபி, வயிற்று ஸ்கேன். அதிலும் ஒன்றுமில்லை. கேஸ்தான் என்று கொடுத்த மாத்திரையை இரண்டு மாதம் விழுங்கியும் பலனில்லை. சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் ஒரே மாதிரி. படுக்கையில் புரண்டால், இருமினால் குத்துகிறது. வீட்டில் இப்போது "எல்லாம் உன் மனசுலதான்" என்கிறார்கள். அடுத்து என்ன பார்ப்பது?

பதில் 1:
ஸ்கேன் வெறும் வயிற்றில் எடுத்தீர்களா? சாப்பிட்டுவிட்டுப் போனால் பித்தப்பை சுருங்கிவிடும், சின்னக் கல் கண்ணில் படாது. என் அக்காவுக்கு இரண்டாவது ஸ்கேனில்தான் தெரிந்தது. ஆனால் அவளுக்குக் கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, மணிக்கணக்கில் நின்று, வலது தோள்பட்டை வரை இழுக்கும். உங்களுடையது வேறு மாதிரி இருக்கிறது.

பதில் 2:
புரண்டால் குத்துகிறது என்றதும் என் கதை ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் அலைந்தேன். கடைசியில் ஒரு டாக்டர், "எங்கே வலி, ஒரே விரலால் காட்டுங்க" என்றார். காட்டிய இடத்தை அழுத்திக்கொண்டே, கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் தூக்கச் சொன்னார். கத்திவிட்டேன். உள்ளுறுப்பு வலி என்றால் தசை இறுகும்போது பெரும்பாலும் குறையும். கூடினால் வயிற்றுச் சுவரை, அதாவது உள்ளுறுப்புகளுக்கு வெளியே இருக்கும் தசை, நரம்பைச் சந்தேகிக்க வேண்டுமாம். இதற்குப் பேர் கார்னெட் சோதனை, 1926-இலேயே எழுதி வைத்தது! எனக்குத் தசையைத் துளைத்து வரும் நரம்பு ஒன்று நெரிபட்டிருந்தது. அங்கேயே மரத்துப்போகும் ஊசி போட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் வலி இல்லை. (பிறகு இரண்டு தடவை திரும்ப வந்தது, மறுபடி ஊசி.) ஸ்கேனில் இது தெரியாது.

பதில் 3:
ஒன்று மட்டும். மூச்சுத்திணறல், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் பழைய ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
வெறும் வயிற்றில்தான் எடுத்தேன். நேற்று தரையில் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அப்பாடா, என்ன குத்து! கட்டைவிரல் நகம் அளவு இடம்தான். பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை டாக்டரிடம் அதைத்தான் காட்டப்போகிறேன்.