ஐநூறு வருஷத்துப் பாட்டோடு சாக்ஸஃபோன் எப்படிச் சேர்கிறது?

சுருதிப்பெட்டி:
போன வாரம் நண்பன் வீட்டில் 'ஒஃபிசியம்' கேட்டேன், 1994-இல் இசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு. ஹில்லியர்ட் என்சாம்பிளின் நாலு பேர் பக்கவாத்தியமே இல்லாமல் பழைய லத்தீன் தேவாலயப் பாட்டுகளைப் பாடுகிறார்கள், கூடவே நார்வேக்காரர் யான் கார்பரெக் சாக்ஸஃபோன் வாசிக்கிறார். முதல் பாட்டு முடியும்வரை நான் அசையவே இல்லை. இவ்வளவு பழைய பாட்டில் ஜாஸ்காரர் ஒருவர் நுழைந்தும் ஒட்டுப்போட்டது மாதிரி தெரியவில்லையே, ஏன்? இதே வழியில் வேறு என்ன கேட்கலாம்?

பழைய கேசட்:
அந்த முதல் பாட்டு 'பார்ச்சே மிஹி டோமினே'. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர் கிறிஸ்டோபல் டெ மொராலெஸ் இசையமைத்தது, வரிகள் பைபிளில் யோபு புலம்புவது. நாலு குரலும் ஒரே சொல்லைச் சேர்ந்தே, மிக மெதுவாகச் சொல்லிக்கொண்டு போகும், அதனால் இன்னொருவர் உலாவ நிறைய இடம் இருக்கிறது. கார்பரெக் அங்கே மனோதர்மமாகத்தான் வாசிக்கிறார், ஐந்தாவது குரல் மாதிரி. அந்தக் காலத்துப் பாடகர்களுக்கும் இது புதிதில்லை, ஏட்டில் இருக்கும் மெட்டின்மேல் அந்த நேரத்தில் தோன்றும் இன்னொரு குரலைச் சேர்த்துப் பாடும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. அப்புறம் அந்த இடம்! 1993-இல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் கெரோல்ட் மடாலயத்தில் பதிவு செய்தார்கள். குரல் நின்ற பிறகும் கார்வை நிற்கிறது, சாக்ஸ் அதைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்புகிறது. ஒன்று செய்து பாருங்கள்: தொகுப்பில் அதே பாட்டு மூன்று முறை வரும், நடுவில் வருவதில் சாக்ஸ் கிடையாது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

தெற்கு வீதி:
எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. சில பாட்டுகளில் சாக்ஸ் மேல்ஸ்தாயிக்குப் போகும்போது குரல்கள் பின்னால் தள்ளப்படுகின்றன, சொல் முடிவதற்குள் அது வந்துவிடுகிறது. கலப்பு என்றால் எனக்கு லார்பெஜியாட்டாதான். கிறிஸ்டினா ப்ளூஹார் 2000-இல் தொடங்கிய குழு, அவரே தியோர்போ வாசிப்பார் (நீண்ட கழுத்துள்ள பெரிய லூட் அது, மீட்டி வாசிக்கும் பழைய ஐரோப்பியத் தந்திவாத்தியம்). 2014-இல் வந்த 'மியூசிக் ஃபார் எ வைல்' தொகுப்பில் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் பாட்டுகளுக்கு ஜான்லூயிஜி ட்ரொவேசி கிளாரினெட் வாசிக்கிறார். பர்செலின் பல பாட்டுகளில் ஒரே அடிக்குரல் வரி திரும்பத் திரும்பச் சுற்றும், நம் தாள ஆவர்த்தனம் மாதிரி, மேலே பாடகர் எப்படி வேண்டுமானாலும் போகலாம். ஜாஸும் ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு அதன்மேல்தானே வாசிக்கிறது? இணைப்பு பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

பனிமூட்டம்:
ஆம்பியன்ட் (சூழலில் மெல்லப் பரவும் அமைதியான இசை) பக்கம் போக ஆசை என்றால் ட்ரியோ மீடியேவலும் ஆர்வே ஹென்ரிக்சனும் சேர்ந்த 'ரீமூர்' (2017). மூன்று பெண் குரல்கள், ஒரு ட்ரம்பெட். ஹென்ரிக்சன் ஊதுவதைக் கேட்டால் புல்லாங்குழல் என்றே நினைப்பீர்கள், அவ்வளவு காற்று கலந்த ஒலி. பாப் பக்கமென்றால் ராக் பாடகர் ஸ்டிங் 2006-இல், ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில இசையமைப்பாளர் டௌலண்டின் பாட்டுகளைப் பாடியது இருக்கிறது, பயிற்சி பெற்ற குரலை எதிர்பார்க்காமல் கேளுங்கள். கார்பரெக் பிடித்துப்போனால் எல். ஷங்கரின் 'சாங் ஃபார் எவ்ரிஒன்' (1985) கட்டாயம். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின்காரர், கூட தபலா ஜாகிர் உசேன், தாளவாத்தியம் த்ரிலோக் குர்து. ஒற்றை ஸ்வரத்தில் நின்று நிதானிக்கும் கார்பரெக்கை அங்கேயும் கேட்கலாம்.

சுருதிப்பெட்டி:
எல்லோருக்கும் நன்றி. பழைய கேசட் சொன்ன அந்த நடுப் பதிவை இப்போதுதான் கேட்டேன். குரல்கள் மட்டுமே தாராளமாகப் போதும், ஆனாலும் ஒவ்வொரு வரி முடிவிலும் சாக்ஸ் எங்கே நுழையும் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. தெற்கு வீதி, பர்செல் இன்று இரவுக்கு.