கபடிக் குழுவில் சிறுமிக்கு நேர்ந்த தொல்லை: நிர்வாகிகள் என்ன செய்ய வேண்டும்?

குழுச் செயலாளர்:
வணக்கம். எங்கள் ஊர்க் கபடிக் குழுவில் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் மாலைதோறும் பயிற்சி பெறுகிறார்கள். ஒருநாளும் தவறாத 14 வயதுச் சிறுமி மூன்று வாரங்களாக வரவில்லை. வீட்டுக்குச் சென்று கேட்டபோது, துணைப் பயிற்சியாளர் நள்ளிரவில் அவளுடைய உடலைப் பற்றித் தொடர்ந்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைத் தாயார் கை நடுங்கக் காட்டினார். பொங்கல் போட்டி நெருங்குவதால் ஊர்ப்பெயர் கெட்டுவிடும், கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பிவிடலாம் என்கிறார்கள் எங்கள் மூத்தவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எது முறை?

வழக்கறிஞர்:
ஐயா, இது ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்க்கக்கூடியதன்று. பாலியல் நோக்கத்துடன் குழந்தையைக் கைப்பேசி வழியே திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவில் வருகிறது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தம் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்கோ சட்டம் பாதுகாப்பளிக்கிறது. அந்தச் செய்திகளை அழிக்கவோ பிறருக்கு அனுப்பவோ வேண்டாம். சிறுமியை நீங்கள் யாரும் விசாரிக்கவும் கூடாது. அவளுடைய வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அலுவலர், கூடுமானவரை உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாத பெண் அலுவலர், பதிவுசெய்ய வேண்டும் என்பதைத் தாயாரிடம் சொல்லுங்கள். பாதி அச்சம் விலகும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

முன்னாள் வீரர்:
அவள் ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். எனக்குப் பதினைந்து வயதில், 55 கிலோவுக்குள் வரவேண்டும் என்று எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் முழுவதும் சோறும் தண்ணீரும் தராமல், இரண்டு ஸ்வெட்டர் போட்டு வெயிலில் ஓடவிட்டார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது; வீட்டில் யாரிடமும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அணியில் யார் ஆடுவது என்பது முழுக்க ஒருவர் கையில் இருக்கும்போது பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். ஆட்களைத் தேர்வுசெய்ய மூவர் குழு வையுங்கள். செய்திகளைப் பெற்றோரும் இருக்கும் பொது வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அனுப்பச் செய்யுங்கள். பெண் பிள்ளைகளின் வெளியூர்ப் பயணத்தில் ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம் உடன் செல்லட்டும்.

குழுச் செயலாளர்:
இருவருக்கும் நன்றி. தாயாருடன் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குச் சென்று புகார் கொடுத்துவிட்டோம். துணைப் பயிற்சியாளர் ஆடுகளத்துக்கு வரக்கூடாது என்று எழுத்தில் தெரிவித்திருக்கிறோம். அதில் மூத்தவர்கள் இருவர் கையொப்பமிட மறுத்தார்கள், மற்ற ஐவர் இட்டார்கள். போட்டியைத் தள்ளிவைத்துள்ளோம்.