தங்கை "ஃப்ளாப் எரா" என்கிறாள், நான் பயப்பட வேண்டுமா?

மதுரைக்காரி:
என் தங்கைக்கு 24 வயது. சென்னையில் வேலை போய், அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். என்னடி ஆச்சு என்று கேட்டால் "இது என் ஃப்ளாப் எரா அக்கா, விடு" என்கிறாள். பகல் முழுக்கப் போர்வைக்குள் ஃபோனோடு கிடந்தால் அதற்குப் பெயர் பெட் ராட்டிங்காம். போன வாரம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, "வில்லன் எரா ஆரம்பிச்சாச்சு" என்று என்னிடம் வந்து சிரிக்கிறாள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த வயதுப் பெண்கள் எல்லாருமே இப்படித்தான் பேசுகிறார்களா?

நித்தி:
பேசுகிறோம் அக்கா, எனக்கும் அவள் வயதுதான். எரா என்றால் காலகட்டம். ஆல்பம் ஓடாத பாடகியை ரசிகர்கள் ஃப்ளாப் எராவில் இருக்கிறார் என்பார்கள், அதைத்தான் நாங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம். 2023ல் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் எராஸ் டூர் என்ற இசைப் பயணத்தைத் தொடங்கியபின் எதற்கெடுத்தாலும் எராதான். "வேலை போச்சு, தோத்துட்டேன்" என்று வீட்டில் சொல்ல நாக்கு எழாது, இப்படியென்றால் சொல்லிவிடலாம், இதுவும் போய்விடும் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது. வில்லன் எரா என்றால் யார் என்ன நினைத்தாலும் பிடிக்காததற்கு முடியாது என்று சொல்லும் காலம், அதற்குத் தயவுசெய்து திட்டாதீர்கள். வேலையைப் பற்றி நாலு பேர் துருவும் இடத்துக்குப் போகாமல் இருக்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பாள்.

வேப்பமரம்:
நான் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பெட் ராட்டிங் 2023ல் டிக்டாக்கில் பரவிய சொல், இங்கே அதற்குத் தடை என்பதால் ரீல்ஸ் வழியாக வந்து சேர்ந்தது. அலுப்புத் தீர ஒரு நாள் படுத்துக் கிடப்பதற்கும் அதே சொல், எழுந்திருக்கவே தெம்பில்லாமல் கிடப்பதற்கும் அதே சொல்தான், அதனால் சொல்லை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் சோர்வு, தூக்கமும் சாப்பாடும் தாறுமாறு, குளிக்கக்கூட மனமில்லை, முன்பு பிடித்தது எதிலும் பிடிப்பில்லை என்றால் தாமதிக்காதீர்கள். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரி பேச்சு வந்தால் அன்றைக்கே உதவி தேடுங்கள். ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அவள் பேசத் தயங்கினால் நீங்கள் கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

கீழவாசல்:
என் அக்கா மகளுக்கு 29, அவள் சாட்டர்ன் ரிட்டர்ன் என்கிறாள். பிறந்தபோது இருந்த இடத்துக்கே சனி திரும்பி வருவதாம் அது, ஒரு சுற்று வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் ஆகுமே, அந்தக் கணக்கு. அவளை நிஜமாக அழுத்துவது கல்யாணப் பேச்சும் வீட்டு வாடகையும்தான். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் அதைப் பற்றிப் பேசினோம், கொஞ்சம் மனம் திறந்தாள்.

மதுரைக்காரி:
நன்றி. சாப்பாடு பரவாயில்லை, ஆனால் விடியற்காலைதான் தூங்குகிறாள். எப்போதும் கையில் கோல நோட்டு இருக்கும், அதைத் தொடுவதே இல்லை. இதுவும் கணக்கில் வருமா?

வேப்பமரம்:
வரும். எப்போதிலிருந்து தொடவில்லை என்று அவளிடமே கேளுங்கள், அம்மா பக்கத்தில் இல்லாதபோது. இரண்டு வாரம் தாண்டிவிட்டது என்றால் 14416க்குப் பேசிவிடுங்கள்.