கடல் கல்விக்காக ஒரு கூட்டம்: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. மீனவர்கள், மாலுமிகள், முக்குளிப்பவர்கள், கடலியல் ஆசிரியர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, பிள்ளைகளுக்குக் கடலை எப்படிக் கற்றுத்தரலாம் என்று பேசவைக்க ஆசை. ஐ.நா.வின் பெருங்கடல் அறிவியல் பத்தாண்டு (2021–2030) நடக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதைப் பாடப்புத்தகம் நிலவை வைத்து விளக்கிவிடும். அந்த நேரம் பார்த்து வலை இறக்குபவரே சொன்னால், பிள்ளைகள் மனதில் பதிகிற விதமே வேறு!

சிக்கல் நேரம்தான். மாலுமிகள் மாதக்கணக்கில் கப்பலில் இருப்பார்கள். மீனவர்கள் விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள். இப்படிப் பல தரப்பினரைக் கூட்டிய அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள். முதலில் குரல் பதிவுகள் வாங்கித் தொடங்கலாமா? மேடையில் பேசிப் பழகியவர்களே நேரத்தை எடுத்துக்கொள்ளாமல், கடலோடிகள் மனம்விட்டுப் பேச என்ன செய்தீர்கள்?