புதுப்பிப்பு: அம்மாவின் சிறுநீரில் பூஞ்சைத் தொற்று

அம்மாவின் சிறுநீர்ப் பரிசோதனையில் கேண்டிடா பூஞ்சை தென்பட்டதையும், மருத்துவர் மருந்து எழுதாமல் சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருந்த குழாயை (கதீட்டர்) மட்டும் அகற்றச் சொன்னதையும் எழுதி, அது போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அந்த முடிவு சரியானதே. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதபோது பூஞ்சை காணப்படுவது பெரும்பாலும் தொற்று ஆகாது. குழாயை எடுத்தாலே பலருக்கு மறைந்துவிடும். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவர்கள், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகள், சிறுநீர்ப்பாதை அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர்கள் ஆகியோரின் நிலை வேறு.

பின்னர் அம்மாவுக்கு அடிவயிற்று வலியும் எரிச்சலும் தொடங்கியதால், மறுபடியும் கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்து, ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை 200 மி.கி. மாத்திரையாக நாளுக்கு ஒரு வேளையாக 2 வாரங்களுக்குக் கொடுத்தார்கள். இம்மருந்தின் பெரும்பகுதி சிதையாமல் சிறுநீரில் வெளியேறுவதால் தொற்றுள்ள இடத்தை நேராகச் சென்றடைகிறது. மைக்காஃபங்கின் போன்ற பூஞ்சை எதிர்ப்பு ஊசி மருந்துகள் சிறுநீரில் போதிய அளவு சேர்வதில்லை. கேண்டிடா குரூசெய் வகைக்கு ஃப்ளுகோனசோல் பலிக்காது, கேண்டிடா கிளாப்ரேட்டா வகையிலும் பல வேளைகளில் பலிக்காது என்பதால், எந்த வகைப் பூஞ்சை என்று அறிவது மிக முக்கியம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அம்மா சர்க்கரைக்காகக் கிளிமெப்பிரைடு எடுத்துக்கொள்கிறார். ஃப்ளுகோனசோல் அதன் வீரியத்தைக் கூட்டி, சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடும். ஒரு காலையில் நெற்றியெல்லாம் வியர்த்து, டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. குளுக்கோமீட்டர் 58 காட்டியது. சர்க்கரை கொடுத்துத் தேற்றிய பிறகு, மருத்துவர் கிளிமெப்பிரைடு அளவைக் குறைத்தார். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஃப்ளுகோனசோலால் இரத்தக்கசிவு அபாயம் உண்டு. ஆகவே எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது எரிச்சல் முற்றிலும் நின்றுவிட்டது. அறிகுறி திரும்பினால் மட்டும் கல்ச்சர் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.