பூசணம் பிடித்த தீனியைத் தின்ற காக்டீல்: உடனடியாக என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: காக்டீல் வளர்ப்பவர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு காக்டீல்கள் (தலையில் கொண்டையுள்ள சிறிய கிளி வகை) உள்ளன. ஆணுக்கு நான்கு வயது, பெண்ணுக்கு இரண்டு. தினை, சூரியகாந்தி விதை, உடைத்த நிலக்கடலை மூன்றும் கலந்த தீனியை மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி இறுக மூடி வைத்தேன். அன்று காலையில்தான் அந்த டப்பாவைக் கழுவியிருந்தேன். அடிப்பக்கம் நன்றாக உலர்ந்துவிட்டதா என்று பார்க்காமல் கொட்டியது என் தவறு. நேற்று அடிமட்டத்தை எட்டியபோது விதைகள் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தன. ஈரச்சாக்கைப் போல மக்கல் வாடை வீசியது.

ஆண் பறவை இரண்டு நாட்களாக இறகுகளை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி பச்சையாக உள்ளது. பெண் பறவை வழக்கம்போல இருக்கிறது. டப்பாவின் மேல்பாதித் தீனி பார்வைக்கு நன்றாகத்தான் தெரிகிறது. அதை வெயிலில் காயவைத்து, இலேசாக வறுத்துக் கொடுக்கலாமா?

மறுமொழி: கிளி வளர்ப்பாளர்

தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: அந்தக் கட்டிகளைப் பிரித்தால் சிலந்தி நூல் போல இழுபடுகிறதா, அல்லது தூளாகப் பறக்கிறதா? நூல் இழுபட்டால் அது அந்துப்பூச்சிப் புழுவின் கூடாக இருக்கலாம். தூள் பறந்தால் பூசணம்தான். முகத்தில் முகக்கவசம் கட்டிக்கொண்டு, பறவைகள் இருக்கும் அறைக்கு வெளியே வைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன். நூல் எதுவும் இல்லை. ஒரு கட்டியை உடைத்தவுடன் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் தூள் எழுந்தது. கடலைப் பருப்பு ஒன்றைப் பிளந்து பார்த்தேன். வெளியே தோல் சுருங்கியிருந்தது அவ்வளவுதான், உள்ளே இரு பருப்புகளுக்கும் நடுவே மஞ்சள் கலந்த பச்சைப் படலம் படர்ந்திருந்தது. வெளிப்பார்வைக்கு அது நல்ல கடலை.

மறுமொழி: பறவை மருத்துவம் பார்ப்பவர்

இன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நாளைவரை காத்திருக்க வேண்டாம். பறவைகள் நோயை இயன்றவரை மறைக்கும் இயல்புடையவை என்பதால், உப்பிக்கொண்டு உட்காரும் நிலை கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே நோய் சில நாட்கள் முன்னதாகத் தொடங்கியிருக்கக் கூடும். எச்சத்தின் வெண்பகுதி பச்சையாவது கல்லீரல் பாதிப்பின் முக்கியமான அடையாளங்களுள் ஒன்று. தீனியில் ஒரு கைப்பிடியை உறையில் இறுகக் கட்டி உடன் எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கே ஆபத்து இரண்டு வகை. முதலாவது நஞ்சு. அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை, கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும்போது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது நேராகக் கல்லீரலைத் தாக்குகிறது. வெயிலில் காயவைத்தால் பூஞ்சையின் வளர்ச்சி நிற்கலாம், ஆனால் ஏற்கெனவே சுரந்த நஞ்சு விதைக்குள்ளேயே தங்கிவிடும். வீட்டு அடுப்பில் வறுக்கும் சூடும் அதை முழுமையாக அழிக்காது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் அளவுக்கு வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே காரணம் என்று பிறகுதான் தெரியவந்தது. ஓரிடத்தில் பூசணம் தெரிந்தால் அந்த டப்பா முழுவதையும் ஒதுக்குவது இதனால்தான்.

இரண்டாவது, நீங்கள் பார்த்த அந்தத் தூள். அது பூஞ்சையின் வித்துகள். பறவைகளுக்கு நுரையீரலோடு உடலெங்கும் பரவிய காற்றுப்பைகளும் உண்டு. மூச்சோடு போன வித்துகள் அங்கே படிந்து வளர்ந்தால் அஸ்பெர்ஜில்லோசிஸ் என்ற நோய் வரும். காற்றுப்பைகளில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் மருந்து அங்கே எளிதில் சென்று சேராது. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். குரல் மாறுவது, மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, அலகைத் திறந்து மூச்சு வாங்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள். வீட்டில் மீந்த பூஞ்சை மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இட்ராகொனசோல் என்ற மருந்தைப் பல பறவைகளுக்குக் கொடுக்கிறோம், ஆனால் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

மறுமொழி: கிளி வளர்ப்பாளர்

முன்பு இதே தவற்றை நானும் செய்தேன். சோளத்தில் பூசணத்தைக் கண்டு, அந்த மணிகளை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் கொடுத்தேன். பதினோரு நாட்களில் என் கிளி இறந்தது. பொறுக்கியெடுத்தால் போதும் என்று நான் நம்பியதைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுமொழி: புதிதாக வளர்ப்பவர்

தீனியை உறைபெட்டியில் வைத்தால் பூஞ்சை செத்துவிடாதா?

மறுமொழி: பறவை மருத்துவம் பார்ப்பவர்

சாகாது. குளிரில் வளர்ச்சி நிற்கும், அவ்வளவே. நல்ல தீனியில் உள்ள பூச்சிகளின் முட்டைகளை அழிக்க உறைபெட்டி உதவும். ஆனால் குளிர்ந்த பையை உடனே திறந்தால் காற்றின் ஈரம் விதைமேல் வியர்த்துப் படியும். எனவே அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலையே கொண்டு சென்றேன். இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருக்கின்றன. எக்ஸ்ரேயில் காற்றுப்பைகள் தெளிவாக உள்ளன. எடை 84 கிராம். சென்ற மாதம் 92 கிராம் இருந்தது. கல்லீரலுக்கு மருந்தும் குழாய்வழி உணவும் தொடங்கியுள்ளார்கள். தீனி முழுவதையும் இரட்டை உறையில் கட்டி வெளியேற்றிவிட்டேன். டப்பாவை மறுபடி பயன்படுத்தலாமா?

மறுமொழி: கிளி வளர்ப்பாளர்

கீறல் விழுந்த பிளாஸ்டிக் என்றால் எறிந்துவிடுங்கள். கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பா நல்லது. கழுவினால் ஒரு முழுநாள் திறந்தபடி உலரட்டும். இரண்டு வாரங்களுக்குப் போதுமான தீனியை மட்டும் வாங்குங்கள். பழைய மிச்சத்தின்மேல் புதியதைக் கொட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஏனெனில் அடியில் கிடப்பது என்றுமே காலியாவதில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் தீனிக் கிண்ணத்தை வைக்க வேண்டாம். ஊறவைத்த விதையையும் பழத்துண்டையும் சில மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

மறுமொழி: பறவை மருத்துவம் பார்ப்பவர்

பெண் பறவையையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அதுவும் அதே டப்பாவிலிருந்துதான் தின்றிருக்கிறது. இரண்டையும் தினமும் காலையில் தீனி வைக்கும் முன் கிராம் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். பெண் பறவையின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே அழைத்து வாருங்கள்.